நீண்ட ஆவணங்களில் ஃபுட்டர் மேலாண்மை: ஒரு விமர்சனம்

ஃபுட்டர் என்பது பக்கத்தின் அடி ஓரத்தில், முதன்மை உரைக்கு வெளியே, பக்கந்தோறும் திரும்ப வரும் பகுதி ஆகும். பக்க எண், இயல் தலைப்பு, ஆவணத்தின் பெயர், தேதி முதலியவை இதில் இடம்பெறும். தமிழில் இதனை அடியுரை என்றும் அடிக்குறிப்பு என்றும் குறிப்பிடுவதுண்டு. ஆனால் அடிக்குறிப்பு என்ற சொல் மேற்கோள் விளக்கங்களுக்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ஆகவே இக்கட்டுரையில் ஃபுட்டர் என்ற வழக்குச் சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

இரண்டு பக்கக் கடிதத்தில் ஃபுட்டர் ஒரு சிக்கலே அல்ல. ஆய்வேடு, ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு போன்ற நீண்ட ஆவணங்களில்தான் அது சிக்கலாகிறது. அங்கே ஒரே கோப்புக்குள் பல ஃபுட்டர்கள் தேவைப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்டு இதற்காக ஆவணத்தைச் செக்‌ஷன்களாகப் பிரிக்கும் வசதியைத் தருகிறது. வசதி முழுமையானதுதான், ஆனால் எந்த ஃபுட்டர் எங்கிருந்து வருகிறது என்பதை அது பயனரின் கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்திருக்கிறது. ஃபுட்டர் பிழைகளை மாணவரின் கவனக்குறைவாகவே கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. அப்பிழைகளில் பெரும்பங்கு வடிவமைப்பின் விளைவு என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

வெவ்வேறு ஃபுட்டர்கள் ஏன் தேவைப்படுகின்றன

முன்பக்கங்களுக்கு ஓர் எண்வரிசை, நூலின் உடற்பகுதிக்கு வேறோர் எண்வரிசை என்னும் வழக்கம் அச்சுக்கூடத்தில் பிறந்தது. முன்னுரை, நன்றியுரை, பொருளடக்கம் ஆகியவை பெரும்பாலும் நூலின் உடற்பகுதி அச்சுக் கோத்து முடிந்த பிறகே இறுதி வடிவம் பெற்றன. அவை எத்தனை பக்கம் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் அவற்றுக்குச் சிறிய ரோமன் எண்களும், உடற்பகுதிக்கு 1 முதல் தொடங்கும் எண்களும் தரப்பட்டன.

இன்றும் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிகள் இம்முறையையே கேட்கின்றன. தலைப்புப் பக்கத்தில் எண் தோன்றக்கூடாது. சான்றிதழ் முதல் அட்டவணைப் பட்டியல் வரை ரோமன் எண். முதல் இயலிலிருந்து 1. பின்னிணைப்பில் அகலமான அட்டவணை இருந்தால் பக்கத்தைக் கிடைமட்டமாகத் திருப்பவும் வேண்டும். ஆகவே மிக எளிய ஆய்வேட்டுக்கும் மூன்று அல்லது நான்கு செக்‌ஷன்கள் தேவைப்படும். இயல்தோறும் இயலின் பெயரை ஃபுட்டரில் போட விரும்பினால் அந்த எண்ணிக்கை எட்டையும் பத்தையும் எட்டிவிடுகிறது.

வேர்டில் செக்‌ஷன் எவ்வாறு இயங்குகிறது

செக்‌ஷன் என்ற சொல்லே முதல் தடை. தமிழில் பிரிவு என்றால் இயலின் உட்பகுதி என்றுதான் பொருள்படும். வேர்டில் செக்‌ஷனுக்கும் உள்ளடக்கத்துக்கும் தொடர்பில்லை. ஒரே தாள் அளவு, ஒரே ஓரவெளி, ஒரே நெடுவரிசை அமைப்பு, ஒரே ஃபுட்டர் ஆகியவற்றைக் கொண்ட தொடர்ச்சியான பகுதியே செக்‌ஷன். ஓர் இயலுக்குள் மூன்று செக்‌ஷன்கள் இருக்கலாம். ஐந்து இயல்களும் ஒரே செக்‌ஷனில் அடங்கவும் செய்யலாம்.

ஒரு செக்‌ஷனில் மூன்று வகை ஃபுட்டர்கள் இருக்க முடியும்: முதல் பக்கத்துக்கு ஒன்று, இரட்டைப்படைப் பக்கங்களுக்கு ஒன்று, மற்ற பக்கங்களுக்கு ஒன்று. ஹெட்டருக்கும் இதே மூன்று வகைகள் உண்டு. முதல் பக்கத்துக்குத் தனி ஃபுட்டர் என்ற தெரிவு செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் மாறலாம். ஒற்றை, இரட்டைப் பக்கங்களுக்குத் தனித்தனி ஃபுட்டர் என்ற தெரிவோ முழு ஆவணத்துக்கும் பொதுவானது. ஒரே பட்டையில் அருகருகே இருக்கும் இரு பெட்டிகளில் ஒன்றின் ஆட்சி ஒரு செக்‌ஷனோடு முடிகிறது. மற்றொன்றின் ஆட்சி கோப்பு முழுவதும் பரவுகிறது. இவ்வேறுபாட்டைத் திரையில் எதுவும் சுட்டிக்காட்டுவதில்லை.

புதிய செக்‌ஷன் பிரேக் ஒன்றைச் செருகியதும், அதற்குப் பின்வரும் செக்‌ஷனின் ஃபுட்டர் முந்தைய செக்‌ஷனோடு தானாகவே இணைக்கப்படுகிறது. லிங்க் டு ப்ரீவியஸ் என்னும் பொத்தான் இந்த இணைப்பைக் குறிக்கிறது. 2006இல் எக்மா தரமாகவும் 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்ட வேர்டின் கோப்பு வடிவத்திலும் இதே தர்க்கம்தான் உள்ளது. ஒரு செக்‌ஷனுக்கெனத் தனி ஃபுட்டர் குறிப்பிடப்படவில்லை என்றால் முந்தைய செக்‌ஷனின் ஃபுட்டர் அங்கே வரும். அதாவது இணைப்பு என்பது எழுதி வைக்கப்பட்ட ஒன்றல்ல. எதுவும் எழுதப்படாமையே இணைப்பு.

நான்கு குறைகள்

முதல் குறை, அமைப்புகள் சேமிக்கப்படும் இடம். ஒரு செக்‌ஷனின் அமைப்புகள் அதன் தொடக்கத்தில் இல்லை. முடிவில் உள்ள செக்‌ஷன் பிரேக் குறியில் உள்ளன. படிப்பவர் கண் மேலிருந்து கீழே செல்கிறது. கட்டளையோ உரைக்குப் பின்னால் நிற்கிறது. இதனால் ஒரு பிரேக்கை அழித்தால், அதற்கு முன்னால் இருந்த பகுதி பின்னால் உள்ள செக்‌ஷனின் அமைப்புகளை ஏற்றுக்கொள்கிறது. பெரும்பாலான பயனர்கள் இதற்கு நேர்மாறான விளைவையே எதிர்பார்ப்பர். கடைசிச் செக்‌ஷனுக்கு இத்தகைய குறிகூடக் கிடையாது. அதன் அமைப்புகள் ஆவணத்தின் முடிவிலேயே தங்கியுள்ளன. பின்னிணைப்பு கிடைமட்டப் பக்கமாக இருக்கும் ஆய்வேட்டில் அதற்கு முந்தைய பிரேக்கைத் தவறி அழித்தால், பின்னிணைப்பு நேராவதில்லை. அதற்கு முன்னிருந்த இயல் கிடைமட்டமாகத் திரும்பிவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை.

இரண்டாவது குறை, இணைப்பு இரு திசையிலும் பாய்வது. முந்தையதோடு இணைப்பு என்ற பெயரைப் பார்ப்பவர், முந்தைய செக்‌ஷனில் செய்யும் மாற்றம் பிந்தையதற்கு வரும் என்று மட்டுமே புரிந்துகொள்வார். உண்மையில் இணைந்த செக்‌ஷன்கள் அனைத்தும் ஒரே ஃபுட்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆறாவது செக்‌ஷனில் ஒரு சொல்லை மாற்றினால், இணைப்பு அறுபடாதிருக்கும் வரை ஐந்து, நான்கு, மூன்று என்று முன்னோக்கியும் அந்த மாற்றம் செல்கிறது. அறுந்த இணைப்பை மீண்டும் பொருத்தும்போது, இப்போதுள்ள ஃபுட்டர் அழிக்கப்படும், சரிதானா என்று வேர்டு கேட்கிறது. ஆனால் இணைந்த நிலையில் ஃபுட்டரைத் திருத்தும்போது ஐந்து செக்‌ஷன்கள் மாறப்போவதை அது சொல்வதில்லை. ஃபுட்டரின் வலது ஓரத்தில் சிறிய குறிச்சீட்டு ஒன்று தெரிவதே அதற்கான ஒரே அறிகுறி.

மூன்றாவது குறை, பக்க எண்ணும் ஃபுட்டரும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்படுவது. ஃபுட்டரின் உள்ளடக்கம் இணைப்புச் சங்கிலியைப் பின்பற்றுகிறது. எண்ணின் வடிவமும் தொடக்க எண்ணும் அந்தந்தச் செக்‌ஷனின் தனி அமைப்புகள்; இணைப்பை அறுப்பதாலோ பொருத்துவதாலோ அவை மாறுவதில்லை. இணைப்பை அறுத்தவர் எண் தானாகவே 1இலிருந்து தொடங்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார். இயல்களுக்கு நடுவே எண் மீண்டும் 1 ஆகிவிட்டதைக் கண்டவர் ஃபுட்டரை அழித்து அழித்து எழுதுகிறார். சரிசெய்ய வேண்டிய இடமோ பக்க எண் வடிவமைப்புச் சாளரத்தில் உள்ள, முந்தைய செக்‌ஷனிலிருந்து தொடர்க என்னும் தெரிவு.

நான்காவது குறை எண்ணிக்கை. எட்டுச் செக்‌ஷன்கள் கொண்ட ஆவணத்தில் முதல் செக்‌ஷனைத் தவிர்த்து ஏழுக்கு இணைப்புகள் உண்டு. முதல் பக்கத் தெரிவும் ஒற்றை, இரட்டைத் தெரிவும் இயங்கினால், ஹெட்டர் மூன்று, ஃபுட்டர் மூன்று என ஒவ்வொன்றுக்கும் ஆறு இணைப்புகள், மொத்தம் 42. இவற்றை ஒருசேரக் காட்டும் பட்டியல் எதுவும் வேர்டில் இல்லை. ஒவ்வொரு செக்‌ஷனாகச் சென்று, ஒவ்வொரு வகைப் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். மேலும், தேர்ந்தெடுத்த பத்தியை மட்டும் இரு நெடுவரிசையாக்கினால் வேர்டு அதன் முன்னும் பின்னும் தொடர் வகைச் செக்‌ஷன் பிரேக்குகளைத் தானே செருகிவிடுகிறது. ஒரு பக்கத்தில் பல செக்‌ஷன்கள் இருந்தாலும் அப்பக்கத்தில் தோன்றுவது அதன் முதல் செக்‌ஷனின் ஃபுட்டர் மட்டுமே. ஆகவே பயனர் அறியாமலே உருவான செக்‌ஷன்கள் ஆவணத்தில் இருக்கும்; அவற்றின் ஃபுட்டர் அடுத்த பக்கத்துக்கு உரை வழியும்போதுதான் வெளிப்படும்.

வேர்டுக்குச் சாதகமான வாதங்கள்

இந்த அமைப்பை முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. பெரும்பாலான ஆவணங்களில் எல்லாச் செக்‌ஷன்களுக்கும் ஒரே ஃபுட்டர்தான் தேவை. 300 பக்க அறிக்கையில் நிறுவனத்தின் பெயர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும் என்பது இணைப்புச் சங்கிலி தரும் உண்மையான பயன். அமைப்புகள் பிரேக் குறியில் இருப்பதால், ஒரு செக்‌ஷனை அதன் குறியோடு சேர்த்து நகலெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டும்போது அதன் பக்க அமைப்பும் கூடவே செல்கிறது. பத்தியின் வடிவமைப்பைப் பத்தி முடிவுக் குறியிலேயே வைப்பது வேர்டின் பொது மரபு. செக்‌ஷன் அதன் நீட்சியே. பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள பழைய கோப்புகள் இன்றும் திறக்க வேண்டும் என்பதால் இந்த அடிப்படையை எளிதில் மாற்றவும் முடியாது.

ஆனால் இவ்வாதங்கள் அமைப்பின் தர்க்கத்தை மட்டுமே நியாயப்படுத்துகின்றன. அது மறைந்திருப்பதை நியாயப்படுத்துவதில்லை. சங்கிலி இருப்பது குறை அன்று, சங்கிலி தெரியாததே குறை. செக்‌ஷன் எண்ணைத் திரையின் கீழ்ப்பட்டையில் காட்டும் வசதி வேர்டில் உண்டு. எனினும் பயனர் அப்பட்டையில் வலது சொடுக்குச் செய்து தானே அதை இயக்க வேண்டியிருக்கிறது.

பிற மென்பொருள்களுடன் ஒப்பீடு

1980களின் இறுதியில் வேர்டின் முதன்மைப் போட்டியாளராக இருந்த வேர்டுபெர்ஃபெக்ட் வேறு வழியைக் கொண்டிருந்தது. அதில் ஃபுட்டர் என்பது உரையோட்டத்தில் ஓரிடத்தில் வைக்கப்படும் குறிமுறை. அந்த இடத்திலிருந்து, வேறொரு குறிமுறை வந்து மாற்றும் வரை அது செல்லுபடியாகும். ரிவீல் கோட்ஸ் என்னும் சாளரத்தைத் திறந்தால் எந்தக் குறிமுறை எங்கே உள்ளது என்பதை நேரடியாகக் காணலாம். கட்டளை முன்னால், உரை பின்னால். தவறு நேர்ந்தாலும் அதன் இருப்பிடத்தைக் கண்டறிய முடிந்தது.

கட்டற்ற மென்பொருளான லிப்ரெஓபிஸ் ரைட்டரில் ஃபுட்டர் பக்கப் பாணிக்குச் சொந்தமானது. முன்பக்கம், இயல், கிடைமட்டம் என்று பாணிகளுக்குப் பெயரிடலாம். கிடைமட்டப் பாணியில் உள்ள எல்லாப் பக்கங்களும் ஒரே ஃபுட்டரைப் பெறும், அவை ஆவணத்தில் எங்கிருந்தாலும் சரி. பெயர் இருப்பதால் மாற்றம் எதைத் தொடும் என்பது முன்கூட்டியே தெரியும். இது வேர்டைவிடத் தெளிவான கருத்து. எனினும் இதற்கும் குறை உண்டு. பாணி குறிப்பிட்ட பிரேக்கைச் செருகாமல் ஒரு பக்கத்தின் பாணியை மட்டும் மாற்ற முயன்றால் அருகிலுள்ள பக்கங்களும் சேர்ந்து மாறிவிடுகின்றன. ரைட்டரிலும் செக்‌ஷன் என்றொரு வசதி உண்டு. ஆனால் அது நெடுவரிசை, பூட்டுதல், மறைத்தல் ஆகியவற்றுக்கானது, ஃபுட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேர்டிலிருந்து வருபவர் அங்கே தேடி நேரத்தை இழக்கிறார்.

லேடெக் அமைப்பின் நூல் வகையில் முன்பகுதி, உடற்பகுதி என்ற பாகுபாட்டுக்கென்றே கட்டளைகள் உள்ளன. முன்பகுதிக் கட்டளை ரோமன் எண்களைத் தொடங்குகிறது. உடற்பகுதிக் கட்டளை 1இலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இரண்டே வரிகள், அவையும் மூலக்கோப்பில் கண்முன்னே உள்ளன. ஆனால் தமிழ் யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்த ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் தேவை. கலைப்பிரிவு மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்காக அதைப் புதிதாகக் கற்பது பெரும்பாலும் நடைமுறைக்கு ஒவ்வாதது.

செக்‌ஷன்களைக் குறைக்கும் வழிகள்

ஃபுட்டர் சிக்கலுக்கு வேர்டுக்குள்ளேயே உள்ள சிறந்த தீர்வு, செக்‌ஷன்களைத் திறமையாகக் கையாள்வது அன்று. தேவையற்ற செக்‌ஷன்களை உருவாக்காமலிருப்பது.

இயல்தோறும் செக்‌ஷன் பிரிக்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் இயலின் பெயர் ஃபுட்டரில் வர வேண்டும் என்பதே. ஸ்டைல்ரெஃப் என்னும் புலம் இத்தேவையை நீக்குகிறது. இயல் தலைப்புகள் எல்லாம் தலைப்பு 1 பாணியில் இருந்தால், அப்பாணியில் உள்ள தலைப்பை அந்தந்தப் பக்கத்துக்கு ஏற்ப இப்புலம் எடுத்துக் காட்டும். பக்கத்தில் தலைப்பு இல்லையெனில் அதற்கு முன்னால் வந்த தலைப்பைக் காட்டும். ஐந்து இயல்களுக்கும் ஒரே செக்‌ஷன், ஒரே ஃபுட்டர். இயலின் பெயரைத் திருத்தினால் ஃபுட்டரும் அதனைப் பின்பற்றும்.

கிடைமட்டப் பக்கம் இன்னொரு காரணம். ஏ4 தாளில் சுற்றிலும் ஓர் அங்குல ஓரவெளி விட்டால், நேர்ப்பக்கத்தில் உரையின் அகலம் ஏறத்தாழ 159 மில்லிமீட்டர். கிடைமட்டப் பக்கத்தில் 246. சாதாரண டேப் கொண்டு வலது ஓரத்தில் வைத்த பக்க எண், கிடைமட்டப் பக்கத்தில் ஓரத்துக்கு 87 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். இதைச் சரிசெய்யத்தான் பலர் இணைப்பை அறுத்துத் தனி ஃபுட்டர் எழுதுகின்றனர். வேர்டு 2007 முதல் உள்ள அலைன்மென்ட் டேப் ஓரவெளியைப் பொறுத்து எண்ணை நிறுத்துகிறது. அதைப் பயன்படுத்தினால் கிடைமட்டப் பக்கத்துக்குச் செக்‌ஷன் தேவைப்பட்டாலும் தனி ஃபுட்டர் தேவைப்படாது.

இவ்விரண்டும் கைவந்தால் எட்டுச் செக்‌ஷன் ஆய்வேடு நான்காகக் குறையும்: தலைப்புப் பக்கம், முன்பக்கங்கள், இயல்கள், கிடைமட்டப் பின்னிணைப்பு. அறுக்க வேண்டிய ஃபுட்டர் இணைப்பு ஒன்றே: தலைப்புப் பக்கத்துக்கும் முன்பக்கங்களுக்கும் இடையில் உள்ளது. முன்பக்கங்களிலும் இயல்களிலும் பக்க எண் மட்டுமே இருந்தால், எண் வடிவத்தை மாற்றினாலே போதும். இயலின் பெயரும் வர வேண்டுமானால் அங்கேயும் ஓர் இணைப்பை அறுக்க வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் பிரேக்குகளைச் செருகி, மறைந்த குறிகளைக் காட்டும் பொத்தானை இயக்கி, அவை சரியான இடத்தில் உள்ளனவா என்று பார்ப்பது. அடுத்துத் தேவையான இணைப்புகளை அறுப்பது. பிறகு எண் வடிவத்தை அமைப்பது. ஃபுட்டரில் எழுதுவது கடைசியில். ஃபுட்டரை முதலில் எழுதிவிட்டு இணைப்பை அறுத்தால், முந்தைய செக்‌ஷனிலும் அது பதிந்துவிட்டிருக்கும். பிரேக்கை அழிக்க நேர்ந்தால், பின்வரும் செக்‌ஷனின் ஃபுட்டரை முந்தையதோடு இணைத்து, தாளின் திசையையும் ஓரவெளியையும் ஒன்றாக்கிய பின் அழிப்பதே பாதுகாப்பு.

தமிழ் ஆவணங்களுக்குரிய குறை

வேர்டு கோப்பு வடிவத்தின் எண் வகைப் பட்டியலில் இந்தி எண்களும் இந்தி உயிரெழுத்து வரிசையும் உள்ளன. தாய்லாந்து எண்களும் எழுத்துகளும் உள்ளன. தமிழ் எண்கள் இல்லை. முன்பக்கங்களுக்கு ௧, ௨, ௩ என்றோ அ, ஆ, இ என்றோ எண்ணிட விரும்பும் தமிழ்ப் பதிப்பாளருக்கு வேர்டில் தானியங்கு வழி கிடையாது. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் தரத்தில் தமிழ் எண் வரிசை முன்வரையறுக்கப்பட்ட வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இது தொழில்நுட்பத் தடை அன்று. சேர்க்கப்படாமல் விடப்பட்ட ஒன்று. விளைவாக, முழுக்கத் தமிழில் எழுதப்பட்ட ஆய்வேட்டின் முன்பக்கங்களும் ரோமன் எண்களோடே வெளிவருகின்றன.

மதிப்பீடு

இக்குறைகளின் விலையைச் செலுத்துபவர் வடிவமைத்தவர் அல்லர். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது பக்க எண் குழம்பினால், மாணவர் இயல்களைத் தனித்தனிக் கோப்புகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் தொடக்க எண்ணைக் கையால் இடுகிறார். உடனே தானியங்குப் பொருளடக்கம் பயனற்றுப் போகிறது. மேற்பார்வையாளர் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால் பின்வரும் எல்லா எண்களையும் மீண்டும் திருத்த வேண்டும். இல்லையெனில் டைப்பிங் சென்டரில் பணம் கொடுத்து வேலையை ஒப்படைக்கிறார். கோப்பு அவருக்கே புரியாத ஒன்றாகத் திரும்பி வருகிறது. பிழையான பக்க எண்ணோடு கட்டமைக்கப்பட்ட ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் அலுவலகம் அதை மாணவரின் அலட்சியமாகவே குறித்துக்கொள்ளும்.

தேவையான மாற்றங்கள் பெரியவை அல்ல. செக்‌ஷன்களையும் அவற்றின் ஃபுட்டர், எண் வடிவம், இணைப்பு நிலை ஆகியவற்றையும் ஒரே பட்டியலில் காட்டுவது. இணைந்த ஃபுட்டரைத் திருத்தும்போது எத்தனை செக்‌ஷன்கள் மாறும் என்று சொல்வது. பிரேக்கை அழிக்கும்போது எந்தப் பக்கத்தின் அமைப்பை வைத்துக்கொள்வது என்று கேட்பது. இவை எவையும் கோப்பு வடிவத்தைத் தொட வேண்டியதில்லை. பழைய ஆவணங்களையும் பாதிக்காது.

கற்பிக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். ஃபுட்டரைப் பக்க எண் செருகும் பொத்தானோடு தொடங்கி அங்கேயே முடிக்கும் பாடம், ஒற்றைச் செக்‌ஷன் ஆவணத்துக்கு மட்டுமே பயன்படும். செக்‌ஷன் என்றால் என்ன, அதன் அமைப்புகள் எங்கே தங்கியுள்ளன, எண்ணும் ஃபுட்டரும் ஏன் தனித்தனி என்னும் மூன்றையும் முதலில் அறிந்துகொண்ட மாணவருக்கு எந்தப் பொத்தானும் பெரிய புதிராக இராது. வேர்டு தன் பங்கைச் செய்யும் வரை, மறைந்துள்ள அந்தச் சங்கிலியை மனத்தில் வரைந்துகொள்ளும் பொறுப்பு பயனரிடமே இருக்கிறது.